இது வந்ததும் எது நின்னுச்சு?

யார் எதைக் கொடுத்தாலும் வேன்காரம்மா முதலில் நன்றி சொல்ல மாட்டார். கையில் வாங்குவார், திருப்பிப் பார்ப்பார், கொடுத்தவர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். பிறகு கேட்பார்.

"இது வந்ததும் எது நின்னுச்சு?"

இந்தக் கேள்விக்காக நாங்கள் அவரைப் பண்ணாத கேலி இல்லை. ஒரு தீபாவளிக்கு முறுக்கு டப்பாவை நீட்டி, "இது வந்ததும் எதுவும் நிக்கலக்கா, தைரியமா சாப்பிடுங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். "போன வருசம் அதிரசமும் இருந்துச்சு கிராணி. டப்பா பெருசானதும் அதிரசம் நின்னு போச்சு பாத்தீங்களா" என்றார். உண்மைதான். அந்த வருடம் என் மனைவி அதிரசம் சுடவில்லை. அன்று சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் மாவட்டத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். என் அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். மகன் பேனா பிடித்து உட்கார்ந்துவிட்டதால் வேன்காரம்மாவுக்கு நான் கிராணி. அந்தக் காலத்துத் தோட்டக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி குத்தல்.

அவருக்கு ஒரு பழைய வெள்ளை வேன் இருந்தது. பக்கக் கதவு சரியாகப் பூட்டாது என்பதால் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருப்பார். சுடிதாருக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார், வெயில் படும் வலது கை கறுக்காமல் இருக்க. சிறுநீரகம் கெட்டுப்போன ஆறு பேரை வாரம் மூன்று நாள் கோலசிலாங்கூர் டவுனில் உள்ள மையத்துக்கு ஏற்றிவந்து, ரத்தம் கழுவி முடித்ததும் வீட்டில் இறக்கிவிடுவது அவர் வேலை. வடக்கே சுங்கை பஞ்சாங் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் தொடங்கி, சுங்கை புரோங் வயல்களை ஒட்டி இறங்கி, புக்கிட் பெலிம்பிங்கில் கடைசி ஆளை ஏற்றுவார். மையத்தில் ஏர்கோன் குளிர் தாங்காது என்று ஒவ்வொருவரும் ஒரு தலையணையும் போர்வையும் கொண்டுவருவார்கள். வேன்காரம்மா ஆட்களை எண்ண மாட்டார், தலையணைகளைத்தான் எண்ணுவார். ஆறு தலையணை இருந்தால்தான் வண்டி நகரும்.

இதற்கான வாடகை எங்கள் அலுவலகத்திலிருந்து போனது. வருடா வருடம் மேலிடத்துக்கு அனுப்பும் செலவு மதிப்பீட்டுப் பாரத்தில் 'வாகன வாடகை' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை நிரப்புவது நான். அவர் வேன் ஓடியது அந்த ஒரு வரியில்தான்.

நோயாளிகள் உள்ளே படுத்திருக்கும் நான்கு மணி நேரமும் அவர் எதிரே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பார். நானும் தேநீருக்குப் போவேன். அப்படி ஒருநாள் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"எங்கண்ணன் சிங்கப்பூர்ல இருந்து மாசம் முன்னூறு வெள்ளி எனக்குன்னு அனுப்புனான்" என்றார். "அதுக்கு முன்ன எங்க வீட்டுக்காரரு நானூறு குடுத்துக்கிட்டு இருந்தாரு, வீட்டுச் செலவுக்கு. அண்ணன் காசு வந்த மறுமாசமே அதை நூறாக்கிட்டாரு. கேட்டா, 'அதான் ஒங்கண்ணன் அனுப்புறானே'ன்னாரு. மிச்சம் முன்னூறு நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போச்சு. இப்ப சொல்லுங்க, எங்கண்ணன் காசு யாருக்குப் போச்சு?"

"ஒங்களுக்குத்தான்."

"எனக்கு எங்கலா வந்துச்சு? முன்னயும் நானூறு, அப்பறமும் நானூறு. எங்கண்ணன் அங்க கப்பல் பட்டறையில வெந்து, இங்க எங்க வீட்டுக்காரருக்கு நம்பர் எழுதிக் குடுத்திருக்கான். அது அவனுக்கே தெரியாது. தங்கச்சிக்குப் பால்மாவு வாங்கிக் குடுத்ததா நெனைச்சுக்கிட்டு இருந்தான்."

வேன் வாங்கும்போது அதே அண்ணனிடம்தான் கேட்டாராம். ஆனால் சும்மா வேண்டாம், கடனாகக் கொடு என்றாராம். "கடன்னு தெரிஞ்சதும் மனுசன் நம்பர் கடையை விட்டுட்டு ஃபேக்டரியில ஓவர்டைம் போனாரு. கடன் வந்தா வீட்டுல எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. தானம் வந்தா ஒருத்தன் படுத்துக்குறான்."

கடனில் மூழ்கிப்போன குடும்பங்களும் நம் தோட்ட லயங்களில் உண்டே என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "இருக்கு. அதான் வாங்காதன்னு நான் சொல்லல. கேட்டுட்டு வாங்குன்னுதான் சொல்றேன்" என்றார்.

அவர் கேட்கத்தான் செய்தார், எங்கே போனாலும். ஒருமுறை ஆற்றோரத்து வீடுகளில் தண்ணீர் ஏறியபோது ஏதோ ஒரு நாட்டிலிருந்து அரிசி மூட்டைகள் வந்தன. சுங்கை புரோங்கில் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். அந்த வயல்களுக்கு நடுவே வெளிநாட்டு அரிசி லோரியில் போனது. வழக்கமாக ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கும் நிவாரணப் பணம் அந்த முறை இல்லை. அதுதான் அரிசி வந்துவிட்டதே என்றார்கள். மண்டபத்தில் எல்லோரும் மூட்டையோடு சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது வேன்காரம்மா மட்டும் கொடுத்தவரிடம் கேட்டார்: "எங்க வீட்டு மெத்தை நனைஞ்சு போச்சுங்க. அரிசி மூட்டை மேலயா படுக்கிறது?" அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பிறகு அந்த வேன் வந்தது.

ஒரு வெளிநாட்டுத் தூதரகம் கொடுத்தது. நாட்டின் பெயர் வேண்டாம், நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். நீல நிறம், பன்னிரண்டு இருக்கை, சக்கர நாற்காலியை அப்படியே தூக்கி உள்ளே வைக்கும் இயந்திரம். இரண்டு பக்கக் கதவிலும் அந்த நாட்டுக் கொடி தட்டு அகலத்துக்கு ஒட்டியிருந்தது. எங்கள் அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. பந்தல் போட்டோம், மாலை வாங்கினோம், ஆறு நோயாளிகளையும் முன்வரிசையில் உட்காரவைத்தோம்.

தூதரகத்திலிருந்து ஒல்லியாக ஒரு பெண் வந்திருந்தார். சாவியைக் கொடுக்கும் முன் கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார். டீசல், பழுது, ஓட்டுநர் சம்பளம் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வீர்கள்? எங்களிடம் வேறொரு திட்டம் இருக்கிறது, பொருளாக இல்லாமல் பணமாக, மூன்று வருடத்துக்கு. அதுவும் வேண்டுமா?

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "வேண்டாம் மேடம், இதுவே எங்களுக்கு அதிகம்."

நம் ஊர்ப் பந்தியில் முதல் 'போதும்' யாருக்கும் போதும் இல்லை. கரண்டியோடு வருகிறவர் "இன்னும் கொஞ்சம்" என்பார், இலைக்கு மேல் கையை மறைப்போம், அவர் விரலிடுக்கில் ஊற்றிவிட்டுப் போவார். உடனே "போடு" என்கிறவனை அலைகிறான் என்பார்கள். நான் வளர்ந்த விதத்தில்தான் பதில் சொன்னேன். அந்தப் பெண் இன்னொரு முறை கேட்பார், அதிகாரி கொஞ்சம் தயங்குவார், மூன்றாவது முறை சம்மதிக்கலாம் என்று என் கணக்கு. அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. எதையோ எழுதி, நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். அவர் ஊரில் போதும் என்றால் போதும். அவர் மேல் என்ன தப்பு?

கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த வேன்காரம்மா குரல் கொடுத்தார். "கிராணி, இது வந்ததும் எது நிக்கும்னு அந்தம்மாகிட்ட கேளுங்க."

நான் மொழிபெயர்க்கவில்லை. "அவுங்க பொழப்பு போகுதுல்ல, அதான் வயித்தெரிச்சல்" என்று என் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மதிப்பீட்டுப் பாரம் வந்தது. 'வாகன வாடகை' வரிக்கு வந்ததும் அதிகாரி மென்மையாகச் சொன்னார், புது வேன் கிடைத்த பிறகும் வாடகை கேட்டால் பேராசைக்காரர்கள் என்று மேலே நினைப்பார்கள், நமக்கு மரியாதையாக இருக்காது. நான் 'இல்லை' என்று தட்டினேன். பழுதுபார்க்கும் செலவு கேட்கலாம் என்றால், அன்பளிப்பாக வந்த வண்டி இன்னும் சொத்துப் பதிவேட்டில் ஏறவில்லை. பதிவேட்டில் இல்லாத வண்டிக்குப் பழுது எங்கிருந்து வரும்? அதிலும் 'இல்லை'. இந்த வேலையில் இருக்கிற எவனுக்கும் தெரியும், ஒரு வரியில் ஒருமுறை 'இல்லை' என்று எழுதினால் அந்த வரி செத்தது. அடுத்த வருடம் போய் உயிர் கொடு என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள். தெரிந்தே எழுதினேன்.

ஒப்பந்தம் முடிந்த அன்று வேன்காரம்மா என் மேசைக்கு வந்தார். அழவில்லை, சண்டை போடவில்லை.

"கிராணி, நான் வேனை வித்தா திரும்ப வாங்க முடியாது. என் பொழப்பை விடுங்க, நான் எங்கயாவது சோறு வடிச்சு பொழைச்சுக்குவேன். அந்த நீல வண்டி ஒருநா படுத்துச்சுன்னா இவுங்கள யாரு ஏத்துவா? பாரத்துல பாதி வாடகையாவது எழுதி வைங்க."

"எழுத முடியாதுக்கா."

"ஏன்?"

"குடுத்த பிறகும் கேட்டா மரியாதையா இருக்காது."

"யாருக்கு?"

பாரம் ஏற்கெனவே போய்விட்டது என்று சொன்னேன். அவர் எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டுப் போனார். அடுத்த மாதம் வேன் ஒரு காய்கறி வியாபாரியிடம் போனது. அவர் ஒரு ஃபேக்டரி கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வருடம் எங்கள் அலுவலகத்துக்குத் திரும்பும் முனையில் ஒரு நுழைவாயில் வளைவு எழும்பியது. பளபளவென்று ஓடு பதித்த இரண்டு தூண், மேலே மின்மினிப் பூச்சி வடிவத்தில் வரிசையாக விளக்குகள். பகலிலும் எரியும். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற தாள் என் மேசை வழியாகத்தான் போனது. வாகன வாடகைக்கு ஒதுக்கிவந்த பணம் மிச்சமானதால் வளைவுக்கு மாற்றப்பட்டது என்று ஒரே வாக்கியம். படித்துப் பார்த்தேன், முத்திரை குத்தினேன், கோப்பில் வைத்தேன். மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அலுவலக ஓட்டுநர் கையில் நீல வேன் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடியது. ஒருநாள் காலை சுங்கை புரோங் வயலோரத்தில் நின்றுபோனது. அந்த மாதிரி வண்டி இங்கே விற்பதே இல்லையாம். சாமான் அந்த நாட்டிலிருந்துதான் வர வேண்டும், காசு கட்டினால் வரும். காசு எந்த வரியில் இருக்கிறது? எந்த வரியிலும் இல்லை. நான்தான் 'இல்லை' என்று எழுதியிருந்தேனே. தூதரகத்துக்குக் கடிதம் போட்டோம். அந்த ஒல்லிப் பெண் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். பராமரிப்புக்கு உதவி தேவையில்லை என்று நாங்களே சொன்னதாகக் குறிப்பு இருப்பதாகப் பணிவாகப் பதில் வந்தது. வண்டியை இழுத்துவந்து அலுவலகத்துக்குப் பின்னால் மரத்தடியில் நிறுத்தினோம். கூரையெல்லாம் காக்கை எச்சம், கதவில் கொடி மட்டும் புதுசாக இருந்தது.

செய்தி கேட்டு வேன்காரம்மா வந்தார். யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சின்னக் காரை இரவல் வாங்கி, கேண்டீனில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து, மறுபடியும் அதே பாதையில் ஓட ஆரம்பித்தார். காரில் மூன்று பேர்தான் உட்கார முடியும். மையத்தில் நேரம் குறித்தது குறித்ததுதான், மறுநடை போய் வருவதற்குள் இயந்திரம் வேறு ஆளுக்குப் போய்விடும். மூன்று தலையணை வரும், மூன்று தலையணை வீட்டில் நிற்கும். நின்றவர்களில் சிலரை மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். சிலருக்கு மகன் இல்லை.

சின்னப்பன் அண்ணனுக்கு இல்லை. சுங்கை பஞ்சாங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர், வாட்டசாட்டமான ஆள். ஏற்கெனவே ஒரு முறை ரத்தம் கழுவுவது தவறியிருந்தது. அடுத்த முறை வேன்காரம்மா போனபோது காரில் இரண்டு இடம் வழியில் ஏறுகிறவர்களுக்கு, மிச்சம் ஓர் இடம், வாசலில் இரண்டு பேர். அவரும் அதே லயத்து நோயாளி அம்மா ஒருவரும்.

"அவுங்கள ஏத்திக்கிட்டுப் போங்க தங்கச்சி. எனக்கு ஒடம்பு லேசாத்தான் இருக்கு. நா அடுத்த வாட்டி வர்றேன்" என்றாராம்.

வேன்காரம்மா அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் போனபோது வாசல் நாற்காலியில் தலையணை மட்டும் இருந்தது. நெஞ்சில் நீர் கோத்து மூச்சு விட முடியாமல், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

சாவு வீட்டில் வேன்காரம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வாட்டிதான் வேணாம்னாரு கிராணி" என்றார். "ரெண்டாவது வாட்டி நான் கேக்கல. மொத 'போதும்' போதும் இல்லன்னு சோறு போடுறவளுக்குத் தெரிய வேணாமா? நேரமாச்சுன்னு விட்டுட்டேன். ஊரையெல்லாம் கேள்வி கேட்டேன், அவரைக் கேக்கல."

பழியை அவர் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டதை என்னால் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பந்தலில் அந்தப் பெண் கேட்டதை, நான் வேண்டாம் என்றதை, மொழிபெயர்க்காமல் விட்டதை, பாரத்தில் எழுதியதை, மிச்சப் பணம் வளைவுக்குப் போனதை. கடைசியில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த நாட்டுக்காரங்க நமக்கு வாங்கிக் குடுத்தது வேன் இல்லையா?"

பதிலையும் அவரே சொன்னார்.

"நான்தான் முன்னயே ஓடிக்கிட்டு இருந்தேனே. நான் இருக்கும்போதே வண்டி குடுத்தாங்க, நான் நின்னேன், எங்காசு வளைவாச்சு. அவுங்க வாங்கிக் குடுத்தது அந்த வளைவைத்தான். பாவம், அவுங்களுக்கே தெரியாது."

எனக்குக் கோபம் அந்தத் தூதரகத்தின் மேல் இல்லை. நோயாளிகளுக்கு வண்டி வாங்குகிறோம் என்று நம்பி, எங்கள் வாசலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன அப்பாவிகள் அவர்கள். கொடுக்கிற கை நீண்டதும் தன் கையை மடக்கிக்கொள்கிறானே, அவன் மேல் கோபம். மடக்கியதை மரியாதை என்று சொல்லிக்கொள்கிறானே, அவன் மேல் இன்னும் கோபம். அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், காலை பத்து மணி. காவலாளி வந்து, வாசலில் ஏதோ தகராறு என்றான். போய்ப் பார்த்தேன். வேன்காரம்மா காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்றுகொண்டு, வளைவின் தூணில் அந்தக் கொடியை ஒட்டி உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். பின்னால் மரத்தடி வேனின் கதவிலிருந்து, ஓரம் கிழியாமல் உரித்து எடுத்து வந்திருக்கிறார். அதன் பின்பக்கம் பசை போய்விட்டதால் புதிதாகப் பசை தடவியிருந்தார். சுற்றி நின்றவர்களிடம் யாரையும் திட்டவில்லை. "இதுதான் அதோட எடம்" என்று மட்டும் சொன்னார்.

அதிகாரி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு எனக்குத்தான் ஃபோன் செய்தார். உடனே எடு, மேலிடத்து ஆட்கள் மத்தியானம் வருகிறார்கள். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். மேசைக்குப் போய் இரும்பு அடிக்கோலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

வேன்காரம்மா நாற்காலியிலிருந்து இறங்கி எனக்கு இடம் விட்டார். நான் ஏறினேன். தரை சரிவு, நாற்காலி ஆடியது. புதுப் பசை நன்றாகப் பிடித்திருந்தது, கொடி துண்டு துண்டாகத்தான் வந்தது. கீழே ஆட்டம் நின்றதும் குனிந்து பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் நாற்காலியின் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்து சுரண்டுங்க கிராணி" என்றார். "விழுந்து கிழுந்து வச்சிடாதீங்க. ஏத்திக்கிட்டுப் போக வேன் இல்ல."